சுண்டுவிரல் மதமதப்பும் தோள் கனமும்: டிஓஎஸ் ஆரம்ப நிலையில் மேசை, நாற்காலி, பயிற்சி

#1 மேசைக்கால்

தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம், சுருக்கமா டிஓஎஸ், அதாவது கழுத்துக்கும் அக்குளுக்கும் நடுவே கைக்குப் போற நரம்போ ரத்தநாளமோ நெரிபடற கோளாறு. அதுல ஆரம்ப நிலைன்னு எழுதின மருத்துவர் சீட்டுல பெரும்பாலும் ரெண்டே வரிதான் இருக்கு: "வேலை இடத்தைச் சரிசெய்யவும், பிசியோதெரபி பார்க்கவும்." எத்தனை செ.மீ. சரிசெய்யணும், எந்தப் பயிற்சியை எப்போ தொடங்கணும், எதைச் செய்யவே கூடாது, ஒண்ணும் இருக்காது. அந்த விவரத்தை இங்கே ஒரே இழையில் சேர்க்கலாம்னு தொடங்குறேன்.

பேச ஒரு மாதிரி வேணுமே. உயரம் 155 செ.மீ., எடை 60 கிலோ, வலது கைக்காரர், நாள் முழுக்க லேப்டாப். மோதிரவிரலும் சுண்டுவிரலும் மதமதப்பு, முழங்கைக்குக் கீழே உள்பக்கம் குடைச்சல், கையைத் தூக்கித் துணி காயப்போட்டா கனத்துப் போகுது. கழுத்து எம்ஆர்ஐயில் எலும்புகளுக்கு நடுவே இருக்கற தட்டு (டிஸ்க்) நல்லா இருக்கு. எக்ஸ்ரேயில் கழுத்து விலா, அதாவது சிலருக்குக் கழுத்துல கூடுதலா இருக்கற விலா எலும்பு, இல்லை. நரம்பு ஓட்டச் சோதனை நார்மல். எங்கே தொடங்குறது?

#2 தோள்பூட்டு

முதல்ல இடத்தைப் புரிஞ்சுக்கணும். இல்லேன்னா எல்லா அறிவுரையும் ஒண்ணுபோலத்தான் தெரியும்.

கழுத்திலிருந்து கைக்குப் போற நரம்புக் கற்றை மூணு இடுக்கைத் தாண்டணும். முதல் இடுக்கு கழுத்தோட பக்கவாட்டுல. முன் ஸ்கேலீன் தசையும் நடு ஸ்கேலீன் தசையும் ரெண்டு சுவர், முதல் விலா எலும்பு தரை. நரம்பும் தமனியும் இதுக்குள்ள போகும். சிரை மட்டும் முன் ஸ்கேலீனுக்கு முன்னால தனி வழி. ரெண்டாவது இடுக்கு காறை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவே. மூணாவது, அக்குளுக்கு மேலே, பெக்டோரலிஸ் மைனர்னு சொல்ற சின்ன மார்புத் தசைக்கு அடியில.

இப்ப எடைக் கணக்கு. ஒரு கை, தோளிலிருந்து விரல் நுனி வரை, உடம்பு எடையில சுமார் 5 சதவீதம். 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. இந்த 3 கிலோவும் உடம்போட எலும்பால் சேர்றது ஒரே ஒரு இடத்துல: காறை எலும்பு நெஞ்செலும்பைத் தொடற மூட்டு. மிச்சமெல்லாம் தசையில தொங்குது. தசை சோர்ந்தா தோள் இறங்கும், காறை எலும்பு முதல் விலா மேலே உட்காரும். அதே நேரம் மேல் நெஞ்சால மூச்சு விடறவருக்கு ஸ்கேலீன் தசை ஒவ்வொரு மூச்சுக்கும் முதல் விலாவை மேலே இழுக்கும். மேலேயிருந்து ஒரு எலும்பு இறங்குது, கீழேயிருந்து ஒண்ணு ஏறுது, நடுவுல நரம்பு.

அதனால ஆரம்ப நிலையில் வேலை ஒண்ணுதான்: கையோட எடையை எங்கேயாவது இறக்கி வைக்க இடம் கொடுக்கணும். நாற்காலி, தலையணை, பயிற்சி எல்லாத்தையும் இந்த ஒரு கேள்வியை வெச்சுப் பாருங்க.

#3 பூனைக்கண்

யூடியூபுல காட்டற மாதிரி கையைப் பின்னாடி கொண்டுபோய், தலையைத் திருப்பி, மூச்சை இழுத்துப் பிடிச்சா மணிக்கட்டு நாடி காணாமப் போயிடுது. அப்ப டிஓஎஸ் உறுதிதானே?

#4 தோள்பூட்டு

இல்லை. அது ஆட்சன் சோதனை. எந்தக் கோளாறும் இல்லாத பலருக்கும் அந்த நிலையில நாடி மங்கும். நாடி போறது கணக்கில்லை. அவருக்கு வழக்கமா வர்ற அதே மதமதப்பு, அதே விரல்ல வருதான்னுதான் பார்க்கணும்.

ரூஸ் சோதனை இதைவிடப் பயன்படும். ரெண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கி, முழங்கையை 90 பாகை மடக்கி, 3 நிமிஷம் மெதுவா விரலை மூடித் திறக்கணும். ஒரு நிமிஷத்துக்குள்ளேயே கை கனத்துத் தானா இறங்கினா சந்தேகம் வலுக்கும். ஆனா மணிக்கட்டுல நரம்பு நெரிபடற கார்ப்பல் டனல் ஆட்களுக்கும் இதுல விரல் மரத்துப் போகும். ஒத்தைச் சோதனையால முடிவு சொல்ற நோய் இல்லை இது. சோதனையை வீட்டுல தினமும் செஞ்சு பார்க்கறதும் வேண்டாம். சோதனைங்கறதே நரம்பை வேணும்னே நெரிச்சுப் பார்க்கறதுதான்.

#5 நரம்புமுடிச்சு

பயிற்சிக்குப் போகும் முன் இரண்டு வடிகட்டல்கள் அவசியம்.

முதலாவது, இது வேறொன்றாக இருக்கலாமா? முழங்கையின் உள்பக்கக் குழியில் அல்னார் நரம்பு நெரிபட்டாலும் சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரக்கும். ஆனால் முன்கையின் உள்பக்கத் தோலுக்கு உணர்வு தரும் நரம்பு வேறு; அது மேலே நரம்புக் கற்றையிலிருந்தே பிரிந்து வருகிறது. ஆகவே முன்கை உள்பக்கமும் சேர்ந்து மரத்தால் சிக்கல் முழங்கைக்கு மேலே என்று கொள்ளலாம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து, இரவில் எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டைப் பாருங்கள். தலையை நோவும் பக்கம் சாய்த்து அழுத்தும்போது மின்னல்போல் கைக்கு இறங்கினால் கழுத்துத் தட்டு. சர்க்கரை, தைராய்டு, பி12 ஆகிய மூன்றையும் ரத்தத்தில் பார்க்காமல் எந்த மதமதப்புக்கும் பெயர் வைக்கக் கூடாது. சைவ உணவுக்காரர்களுக்கு பி12 கட்டாயம். நடந்தால், மாடியேறினால் மட்டும் வரும் இடது கை வலிக்கு முதலில் ஈசிஜி. நீண்டகாலம் புகைபிடித்தவருக்குத் தோளும் கையின் உள்பக்கமும் விடாமல் வலித்தால் நுரையீரல் உச்சியைப் பார்க்க நெஞ்சு எக்ஸ்ரே.

இரண்டாவது, இது எந்த வகை? பத்தில் ஒன்பதுக்கு மேல் நரம்பு வகைதான். இந்த இழை அதற்கு மட்டுமே. சிரை வகையில் கை முழுதும் திடீரென வீங்கும், நீலம் பாரிக்கும், தோளிலும் மார்பிலும் சிரைகள் புடைத்துத் தெரியும். கடும் உழைப்புக்குப் பிறகு சிரையில் ரத்தம் உறைவதே காரணம். 1875இல் பேஜெட்டும் 1884இல் ஷ்ரோட்டரும் விவரித்ததால் இருவர் பெயரும் சேர்ந்து வழங்குகிறது. அன்றைக்கே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் வேண்டும். இரண்டு வாரம் தள்ளினால் உறைவைக் கரைக்கும் வாய்ப்பு குறைந்துவிடும். கூடவே மூச்சுத் திணறினால் 108. தமனி வகை அரிது: விரல் வெளுத்துச் சில்லிடும், நுனியில் ஆறாத புண் வரும், பெரும்பாலும் பின்னணியில் கழுத்து விலா இருக்கும். இவை இரண்டுக்கும் நாற்காலியை மாற்றிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. ரத்தநாள அறுவை நிபுணரிடம் நேரே போக வேண்டும். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது.

இன்னொன்று. கட்டைவிரல் மேட்டுச் சதை வற்றி, அங்கே பள்ளம் விழுந்திருந்தால் அது ஆரம்ப நிலை இல்லை. இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும்.

#6 மேசைக்கால்

நன்றி சார். மாதிரி ஆளுக்கு இதெல்லாம் பார்த்தாச்சுன்னு வெச்சுக்கலாம். அளவுகள் இதோ. மேசை 76 செ.மீ., பலகை தடிமன் 2.5. நாற்காலி இருக்கை 42லிருந்து 52 வரை ஏறும். கைப்பிடி ஏத்தி இறக்கலாம். லேப்டாப் மேசை மேலேயே இருக்கு, தனி கீபோர்டு இல்லை.

#7 அளவுகோல்

உங்கள் மேசை 155 செ.மீ. ஆளுக்குச் செய்ததில்லை. கடையில் கிடைக்கும் மேசை எல்லாம் 75-76தான். அதில் யார் உட்கார்ந்தாலும் பொருந்தும் என்று ஒரு நம்பிக்கை எப்படியோ வந்துவிட்டது.

கணக்குப் போடுவோம். அந்த உயரத்தில் பாதம் தரையில் பதிய இருக்கை சுமார் 40 செ.மீ. இருக்க வேண்டும். இருக்கையிலிருந்து முழங்கை வரை சுமார் 22. ஆக முழங்கை தரையிலிருந்து 62இல் நிற்கிறது, மேசை 76இல். இந்த 14 செ.மீ. வித்தியாசத்தை யாராவது ஈடுகட்டியாக வேண்டும். நாள் முழுக்க ஈடுகட்டுவது தோள். ஒன்று, காதை நோக்கி ஏறும். அல்லது முழங்கை பக்கவாட்டில் இறக்கைபோல் விரியும். சாயங்காலம் அந்தத் தசை கைவிட்டதும் தோள் ஒரேயடியாகத் தொங்கிவிடும்.

நாற்காலியை 52 வரை ஏற்றினாலும் முழங்கை 74இல்தான். கால் வேறு அந்தரத்தில் தொங்கும். அதனால் நடுவழி: தனியாக ஒரு கீபோர்டு, அதை வைக்க மேசைக்கு அடியில் இழுத்துத் தள்ளும் கீபோர்டு தட்டு.

இருக்கையை 46இல் வையுங்கள். முழங்கை 68. கீபோர்டு தடிமன் 2 என்றால் தட்டின் மேல்பரப்பு 66இல் வர வேண்டும். மேசைப் பலகையின் அடிப்பக்கம் 73.5. ஆக தட்டு பலகைக்குக் கீழே 7.5 செ.மீ. தொங்க வேண்டும். தொடை 46க்கு மேல் சுமார் 14, அதாவது 60. தட்டின் தடிமன் 2 என்றால் அதன் அடிப்பக்கம் 64. நடுவில் 4 செ.மீ. இடைவெளி, போதும். காலுக்கு 6 செ.மீ. உயரப் பலகை. உங்கள் ஆளை உட்காரவைத்து டேப் பிடித்து அளந்துவிட்டு ஆணி அடியுங்கள். இது சராசரிக் கணக்கு.

கைப்பிடிதான் டிஓஎஸ்ஸுக்கு உயிர்நாடி, அங்கேதான் தப்பும் அதிகம். கைப்பிடி மேசை விளிம்பில் முட்டும், நாற்காலி உள்ளே போகாது, ஆள் 15 செ.மீ. பின்னால் உட்கார்ந்து கையை எட்டி நீட்டுவார். இப்படி இருந்தால் கைப்பிடி இருந்தும் இல்லாததுதான். தட்டை முழுதும் வெளியே இழுத்து, கைப்பிடியின் முன்முனை தட்டின் விளிம்போடு சேரும்படி வையுங்கள்.

உயரம் பார்க்க ஒரு வழி. சட்டையின் தோள் தையலைப் பக்கவாட்டிலிருந்து ஒருவர் பார்க்கட்டும். கையைக் கைப்பிடியில் வைக்கும்போது தையல் அரை முதல் ஒரு செ.மீ. மேலே நகர வேண்டும். நகரவே இல்லை என்றால் எடை இறங்கவில்லை, கைப்பிடி தாழ்வு. தோள் காதை நோக்கித் தெரிகிற அளவுக்கு ஏறினால் உயரம் அதிகம். சாதாரண ஆளுக்குச் சொல்வதைவிட இவர்களுக்கு ஒரு துளி தூக்கலாக வைப்பது வேண்டுமென்றேதான். கைப்பிடி ஏறாத நாற்காலியில் கைத்துண்டை நாலாக மடித்துக் கட்டினால் ஏறக்குறைய அதே ஒரு செ.மீ. கிடைக்கும். எடை முன்கையின் சதையில் விழ வேண்டும். முழங்கை முனை பிளாஸ்டிக்கில் ஊன்றினால் அல்னார் நரம்பு அங்கே நசுங்கி, பழைய நோயோடு புது நோயும் சேரும்.

திரை: லேப்டாப்பை 15-18 செ.மீ. தூக்குங்கள், மேல்விளிம்பு கண்மட்டத்துக்கோ சற்றுக் கீழேயோ. கீழ்ப்பாதியில் படிக்கும் கண்ணாடிக்காரருக்கு இன்னும் 5 செ.மீ. இறக்குங்கள், இல்லாவிட்டால் முகவாயைத் தூக்கியே பார்ப்பார். மவுஸ்: முழு கீபோர்டு சுமார் 44 செ.மீ. அகலம், எண் பகுதி இல்லாதது 36. அந்த 8 செ.மீ. மவுஸை உடம்புக்கு அருகில் கொண்டுவரும். வலது கை நோயாளிக்கு நாற்காலிக்கு அடுத்த நல்ல செலவு அதுதான். தட்டின் அகலம் மவுஸுக்கும் சேர்த்து 65 செ.மீ.யாவது இருக்கட்டும். கீபோர்டு கீழே, மவுஸ் மேசை மேலே என்று வைப்பது எல்லா வேலையையும் கெடுக்கும். இதைத்தான் பாதி அலுவலகங்களில் பார்க்கலாம்.

#8 ஊசிநூல்

இது எல்லாம் ஐடி ஆளுங்களுக்கு. திருப்பூர் பக்கம் பவர் மிஷின்ல உக்கார்ற டெய்லருங்களுக்கும் இதே தொந்தரவு வருதுங்க. அங்க கைப்பிடியும் இல்ல, தட்டும் இல்ல, முதுகுச் சாய்வும் இல்லாத ஸ்டூல். என்ன பண்ண முடியும்?

#9 அளவுகோல்

நல்ல கேள்வி. தையலில் கண்ணும் ஊசியும் நெருங்க வேண்டியிருப்பதால் மேசை முழங்கை மட்டத்துக்கு 5 செ.மீ. மேலே இருப்பதே சரி. ஆனால் முன்கை மேசைப் பலகையில் படிந்திருக்க வேண்டும். அந்தரத்தில் நின்றால் மேசை உயரத்தின் சுமை தோளுக்குப் போய்விடும். தொழிற்சாலை மிஷின் ஸ்டாண்டின் காலில் போல்ட் இருக்கும், நாலையும் தளர்த்தி ஏற்றலாம். பின்கால் இரண்டையும் கொஞ்சம் கூடுதலாக ஏற்றினால் பலகை தையல்காரரை நோக்கிச் சரியும், கழுத்துக் குனிவு குறையும். சரிவு அதிகமானால் கத்தரி, பாபின் எல்லாம் மடியில் விழும். பொருள் உருளாத அளவோடு நிறுத்துங்கள். பலகையின் முன்விளிம்பு கூராக இருந்தால் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி ஒட்டுங்கள்.

துணிக்கட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தரையிலிருந்து எடுத்து, தைத்து, தோள் உயரத்துக்கு மேல் வைப்பது என்றால் ஒரு நாளைக்கு எத்தனை பீஸோ அத்தனை முறை அந்த இடுக்கு நெரிகிறது. எடுப்பதும் வைப்பதும் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருக்கட்டும். ஸ்டூலுக்கு முதுகுச் சாய்வு கேளுங்கள். முதுகு வளைந்தால் தோள் முன்னால் உருளும், பெக்டோரலிஸ் மைனர் சுருங்கும்.

#10 இரும்புக்கம்பி

இவ்ளோ கஷ்டப்படணுமா? எல்லாம் கூன் போட்டு உக்கார்றதால வர்றது. தோளைப் பின்னாடி தள்ளி, நெஞ்சை நிமிர்த்தி நடக்கச் சொல்லுங்க. ஜிம்ல டம்பெல் பிடிச்சு தோளைக் குலுக்கித் தூக்கற ஷ்ரக்ஸ், லேட் புல்டவுன், கதவு நிலையில ரெண்டு கையையும் மேலே வெச்சு நெஞ்சு ஸ்ட்ரெச். ரெண்டு வாரத்துல சரியாகிடும்.

#11 தோள்பூட்டு

தம்பி, கூன் ஒரு காரணம்ங்கறது சரி. ஆனா நீங்க சொன்ன நாலுமே ஆரம்பத்துல ஆகாது. ஏன்னு சொல்றேன்.

தோளைப் பின்னாலயும் கீழேயும் இழுத்து நெஞ்சை நிமிர்த்தற அட்டென்ஷன் நிலை இருக்கே, அதுதான் ரெண்டாவது இடுக்கை நெரிச்சுப் பார்க்கற மருத்துவச் சோதனை. நோயைக் கிளப்பிப் பார்க்கற நிலையை மருந்தா கொடுக்க முடியாது. 5 கிலோ டம்பெல்லைத் தொங்கவிடும்போது 3 கிலோ கை 8 கிலோ ஆகி காறை எலும்பைக் கீழே இழுக்கும். லேட் புல்டவுன் கையைத் தலைக்கு மேலே தூக்கித் தோளைக் கீழே இழுக்கற பயிற்சி. கதவு நிலை ஸ்ட்ரெச்சுல கை தோளுக்கு மேலே போனதும் மூணாவது இடுக்குல நரம்பு தசைக்கடியில் வளைஞ்சு இழுபடும். "ஸ்ட்ரெச் செஞ்சா இன்னும் மரக்குது" ன்னு வர்றவங்கள்ல பெரும்பாலோர் செய்யறது இதைத்தான்.

அதுக்குப் பதிலா:

முதல் ரெண்டு வாரம் மூச்சு. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, ரெண்டு முழங்கைக்கு அடியிலயும் ஒவ்வொரு தலையணை. ஒரு கை வயித்து மேல. இன்னொரு கையோட ரெண்டு விரல் காறை எலும்புக்கு மேலே இருக்கற குழியில. மூக்கால 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடணும். வயிறு எழும்பணும், குழியில இருக்கற விரலுக்கு அடியில தசை கயிறு மாதிரி விறைக்கக் கூடாது. விறைச்சா மூச்சைப் பாதியாக் குறைங்க. 5 நிமிஷம், காலை மாலை. போரடிக்கும். ஆனா இதைத் தாண்டிக் குதிச்சா மேலே கட்டறது எதுவும் நிக்காது.

அதே நாட்கள்ல தோள்பட்டை எலும்பைத் தூக்கப் பழக்கணும். நல்ல பக்கமா ஒருக்களிச்சுப் படுத்து, நோவுற கையை முன்னால ரெண்டு தலையணை மேல வைங்க. தோளைக் காதுக்குப் பின்பக்கம் நோக்கி ஒரு செ.மீ. மெதுவா நகர்த்தி, 5 எண்ணி, விடணும். பலத்துல கால்வாசி போதும். 10 தடவை. கழுத்துத் தசை இறுகினா அளவு மீறிப் போச்சு.

மார்புத் தசைக்குக் கதவு நிலை வேண்டாம். குளிக்கிற டவலை 5-6 செ.மீ. கனத்துக்குச் சுருட்டி முதுகுத்தண்டு நீளத்துக்கு வெச்சு அதன் மேல் படுங்க, தலைக்குச் சின்ன தலையணை. கை உடம்பிலிருந்து ஒரு சாண் விலகி, முழங்கைக்கு அடியில மடிச்ச துணி. அழுத்தவோ இழுக்கவோ வேண்டாம், 2-3 நிமிஷம் தானா திறக்கும்.

மூணாவது வாரத்துக்கு மேல, ராத்திரி மதமதப்பு குறைஞ்சிருந்தா மட்டும், சுவர்ப் பயிற்சி. முன்கை ரெண்டையும் சுவர்ல வெச்சு, நடுவுல ஒரு துணி, மெதுவா மேலே வழுக்கணும். மணிக்கட்டு கண் உயரம் தாண்டக் கூடாது. உச்சியில சுவரை லேசாத் தள்ளினா தோள்பட்டை எலும்பு விலாவைச் சுத்தி முன்னாடி வரும், அதுதான் வேணும். 8 தடவை, ரெண்டு சுற்று. எடை எட்டாவது வாரத்துக்குப் பிறகு, அதுவும் அரை லிட்டர் தண்ணி பாட்டில்ல தொடங்கலாம்.

அளவுக்கு ஒரே விதி: செய்யறப்ப வர்ற விறுவிறுப்பு 10 நிமிஷத்துல அடங்கணும், மறுநாள் காலை நேத்தைவிட மோசமா இருக்கக் கூடாது. இருந்தா எண்ணிக்கையைப் பாதியாக்குங்க.

#12 கைரேகை

தோள்பூட்டு சொன்ன வரிசை சரி. நரம்பு இழுப்பு பற்றி ஒரு மாற்றுக் கருத்து. பல இடங்களில் கையை முழுக்க நீட்டி, மணிக்கட்டைப் பின்னால் மடக்கி, தலையை எதிர்ப்பக்கம் சாய்த்து 30 விநாடி பிடிக்கச் சொல்கிறார்கள். ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் நரம்பை இரண்டு முனையிலும் பிடித்து இழுப்பது அது. நரம்பை வழுக்க வைக்கும் முறை வேறு: ஒரு முனை இறுகும்போது மறுமுனை தளர வேண்டும். முழங்கை இடுப்பருகே, உள்ளங்கை மேல்நோக்கி. முழங்கையை நீட்டும்போதே தலையை அதே பக்கம் சாய்க்கணும், மடக்கும்போது தலை நடுவுக்கு. எங்கேயும் நிறுத்திப் பிடிக்கக் கூடாது. 6-8 தடவை, நாளுக்கு ஒருமுறை. இதை முதல் வாரத்திலேயே கொடுக்கலாம் என்பது என் பக்கம்.

#13 தோள்பூட்டு

முறை ஒப்புக்கறேன், முதல் வாரம் ஒப்புக்கலை. இடுக்கே திறக்காம நரம்பை வழுக்க வெச்சா நெருக்கமான இடத்துல உரசத்தான் செய்யும். ராத்திரித் தொந்தரவு குறைஞ்ச பிறகுன்னு வெச்சுக்கலாம். கையைப் பக்கவாட்டுல ஒரு சாணுக்கு நகர்த்தினாலே விறுவிறுக்கறவருக்கு ஆறு வாரம் ஆனாலும் தொடமாட்டேன்.

ஸ்கேலீன் நீட்டல் பத்தியும் சொல்லிடறேன். கையைத் தொடைக்கு அடியில செருகித் தோளைக் கீழே பூட்டிட்டுத் தலையைச் சாய்க்கறது வழக்கம். இங்கே அது வேண்டாம். முன்கையைக் கைப்பிடியில படுக்கப் போட்டுட்டு, தலையை எதிர்ப்பக்கம் 15-20 பாகை, 15 விநாடி, 3 தடவை. விரல்ல ஏதாவது தெரிஞ்சா அன்னைக்கு அதோட நிறுத்தம்.

#14 பூனைக்கண்

ராத்திரிதான் அதிகமா இருக்காமே இவங்களுக்கு? பகல்ல பரவாயில்லை, படுத்தா விரல் எரியுதுன்னு சொல்றாங்க.

#15 தோள்பூட்டு

பகல் முழுக்க நெரிபட்ட நரம்பு, எடை விலகினதும் உணர்வு திரும்பறப்ப எரியும். கால் மரத்துப் போய் எழுந்ததும் சுருக்குச் சுருக்குன்னு குத்துமே, அதே கதை. அந்தத் திரும்பலைப் படுக்கறதுக்கு முன்னாடியே முடிச்சிடலாம். கைவெச்ச நாற்காலியில நல்லாச் சாய்ஞ்சு உட்கார்ந்து, ரெண்டு முன்கைக்கு அடியிலயும் தலையணை அடுக்கி, தோள் ரெண்டும் ஒரு விரல்கடை மேலே ஏறி நிக்கற மாதிரி வைங்க. தலை நேரா. சில நிமிஷத்துல விறுவிறுப்பு கூடும், பயந்து எழுந்திரிக்க வேண்டாம், அது உச்சத்துக்குப் போய் இறங்கும். 15-20 நிமிஷம், சிலருக்கு அரை மணி. இதை சிரியாக்ஸ் முறைன்னு சொல்வாங்க. விறுவிறுப்போட வலியும் கூடிக்கிட்டே போனாலோ, கை நிறம் மாறினாலோ நிறுத்திடணும்.

படுக்கை: மல்லாந்தா ரெண்டு முன்கைக்கும் தலையணை. ஒருக்களிச்சா நல்ல பக்கம் கீழே, மேல்கை தலையணையைக் கட்டிக்கிட்டு. குப்புறப் படுக்கறதும் கையைத் தலைக்கு மேலே மடக்கிப் போடறதும் கூடாது.

#16 கொடிக்கயிறு

வீட்டு வேலையை யாருமே எழுதலையே! நாற்காலியை மாத்திட்டு, வீட்டுக்கு வந்து அதே கையால எல்லாத்தையும் இழுத்தா எப்படிக் குறையும்?

துணிக்கொடியை முகவாய் உயரத்துக்கு இறக்குங்க, இல்லே மடக்கு ஸ்டாண்டு வாங்குங்க. பரண் மேல, அலமாரி மேல்தட்டுல தினப்படிப் பொருள் எதுவும் வேண்டாம். ரெண்டு கையில ரெண்டு பை காய்கறி தொங்கவிட்டு நடக்கறது டம்பெல் கணக்குதான், தள்ளுவண்டிப் பை எடுத்துக்கோங்க. குடத்துல பாதி தண்ணி. குழந்தையை நோவுற பக்க இடுப்புல தூக்கவே கூடாது, அந்தத் தோள் ஒசந்து பூட்டிக்கும். ஹேண்ட்பேக்கைக் குறுக்கே மாட்டினா வார் நோவுற தோள்ல விழாம மறுபக்கம் விழட்டும். முதுகுப்பைன்னா இடுப்புப் பட்டை உள்ளதுதான், பட்டையை மாட்டி இறுக்கணும். தோள் வார் நேரா காறை எலும்பு மேலே உட்காருது. பிரா பட்டை மெல்லிசா இருந்து தோள்ல பள்ளம் விழுதுன்னா அகலப் பட்டைக்கு மாறுங்க, இதை டாக்டருங்க கேக்கவும் மாட்டாங்க, நம்ம சொல்லவும் மாட்டோம்.

டவுன் பஸ்ல மேல்கம்பியைப் பிடிச்சு நிக்கறது அரை மணி நேர ரூஸ் சோதனை. சீட்டு முதுகுக் கம்பியையோ நிறுத்துக் கம்பியை நெஞ்சுக்குக் கீழேயோ பிடிங்க. நடக்கறப்ப கையைத் தொங்கவிடாம பெருவிரலைப் பாக்கெட்டுல மாட்டிக்கலாம், துப்பட்டாவைக் குறுக்கே முடிஞ்சு கையை அதுல சாய்ச்சுக்கலாம். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு சமைக்கிறதை இன்னைக்கே விட்டுடுங்க.

#17 நரம்புமுடிச்சு

கொடிக்கயிறு அம்மா எழுதியதை அப்படியே அச்சடித்து நோயாளிகளுக்குக் கொடுக்கலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வரி சேர்க்கிறேன்: கரும்பலகையின் மேல் பாதியை விட்டுவிட்டு, தோள் உயரத்துக்குக் கீழே எழுதுங்கள். புல்லாங்குழல் வாசிப்பவர்களுக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை இரு கையையும் மடியில் இறக்கி வைக்கும் இடைவேளை.

#18 ஊசிநூல்

கழுத்துப் பட்டை போடலாமுங்களா? கழுத்தை இழுத்து வெக்கற டிராக்‌ஷன்? எண்ணெய் போட்டு நல்லா அழுத்தி நீவினா?

#19 நரம்புமுடிச்சு

கழுத்துப் பட்டையால் தோளின் எடை குறையாது, பயன் இல்லை. கழுத்து டிராக்‌ஷன் தட்டு வலிக்குக் கொடுப்பது. இங்கே நரம்புக் கற்றையை மேலே இழுத்துத் தொந்தரவைக் கூட்டக்கூடும். எண்ணெய் நீவல் முதுகிலும் தோள்பட்டையிலும் இதமாக இருக்கும். காறை எலும்புக்கு மேல் குழியில் கட்டைவிரலால் அழுத்த யாரையும் விடாதீர்கள். தோலுக்குக் கீழே நரம்பும் தமனியும் நுரையீரல் உச்சியும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. சலூனில் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுப்பது டிஓஎஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேண்டாம். மூளைக்குப் போகும் தமனிச் சுவர் கிழிய வாய்ப்புண்டு.

தோளைத் தூக்கி நிறுத்தும் ஒட்டு டேப்பை பிசியோதெரபிஸ்ட் போட்டுவிட்டால் அது பயன்படும். அக்குளிலிருந்து மேல்நோக்கி ஒட்டுவார்கள். நம் ஊர் வெயிலில் தோல் புண்ணாகும், இரண்டு மூன்று நாளுக்கு மேல் ஒரே டேப்பை விடக் கூடாது.

#20 மேசைக்கால்

எவ்வளவு நாள் பார்க்கறது? எப்போ அறுவைச் சிகிச்சை பேச்சு?

#21 நரம்புமுடிச்சு

ஆறு வாரத்தில் இரவுத் தூக்கமாவது மேம்பட வேண்டும். இல்லாவிட்டால் பயிற்சியைக் கூட்டாதீர்கள், நோய் நிர்ணயத்தைத் திரும்பப் பாருங்கள். முறையான பயிற்சிக்குக் குறைந்தது 3 மாதம், பலருக்கு 6 மாதம். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்கேன் பார்த்து ஸ்கேலீன் தசைக்குள் மரப்பு ஊசி போடலாம். சில மணி நேரத்துக்காவது அறிகுறி விலகினால் நோய் அங்கேதான் என்பதற்கு நல்ல சான்று, அறுவையும் பலன் தரும் வாய்ப்பு கூடும். அறுவையில் ஸ்கேலீனை அறுத்து முதல் விலாவை எடுப்பார்கள். அக்குள் வழியாக எடுக்கும் முறையை ரூஸ் 1966இல் எழுதினார். மேலே சொன்ன சோதனையும் அவர் பெயரில்தான். சதை வற்றுதல், பிடி தளர்தல் தெரிந்தால் இந்த மாதக் கணக்கு எதுவும் பொருந்தாது, உடனே போக வேண்டும்.

கழுத்து விலா ஆயிரத்தில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இருக்கும், பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் செய்யாது. எக்ஸ்ரேயில் அது தெரிந்தது என்பதற்காக மட்டும் யாரும் எடுத்துவிட வேண்டாம்.

#22 மேசைக்கால்

தட்டு 7.5இல் மாட்டியாச்சு. மவுஸும் கீழே வந்தாச்சு. ஒரு சிக்கல்: 6 செ.மீ. கால்பலகை டைல்ஸ் தரையில வழுக்கி முன்னாடி ஓடுது. கால் அதைத் துரத்திப் போக, ஆள் நாற்காலி நுனிக்கு வந்துடறார், கைப்பிடி முழங்கைக்குப் பின்னால நின்னுடுது.

#23 அளவுகோல்

குளியலறை ரப்பர் பாயை பலகை அளவுக்கு வெட்டி அடியில் ஒட்டுங்கள், தரையை உறிஞ்சிப் பிடிக்கும் குமிழ்ப் பக்கம் கீழே பார்த்து. பலகை நீளம் 45, அகலம் 30 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். அதற்குப் பிறகும் நுனிக்கு வந்தால் இருக்கையின் ஆழம் அதிகம்: முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவில் மூன்று விரல் போக வேண்டும். போகவில்லை என்றால் முதுகுக்குப் பின்னால் 5 செ.மீ. கனத் தலையணை வைத்து ஆளை முன்னால் கொண்டுவாருங்கள், கைப்பிடியையும் அதே 5 செ.மீ. முன்னால் தள்ளுங்கள். முன்னே தள்ள முடியாத கைப்பிடி என்றால் துண்டை முன்முனையில் கட்டுங்கள்.